மணார் மண்டலியில் ஒரு விருந்து

  இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

இப்னு பதூதா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. மொரோக்கோ நாட்டவர், 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்தார், பாவாதமலையில் ஏறினார். பரீட்சைக்கு இவ்வளவு போதும். பரீட்சை முடிந்த பிறகு கேட்க இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த மனிதர் நம் நாட்டில் யார் கையால் சாப்பிட்டார்? அந்தச் சாப்பாட்டை ஏன் மறக்காமல் சொல்லி வைத்தார்? கேள்வி சின்னதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் இன்று நம் தெருவில் நடக்கும் விஷயம் வரை வந்து சேரலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இப்னு பதூதா இலங்கையைச் சுற்றிப் பார்க்கவென்று புறப்பட்டு வந்தவரல்லர். அரச உத்தியோகமாகச் சீனாவுக்குப் போகக் கிளம்பி, தாமதத்துக்கு மேல் தாமதமாகி, கடைசியில் காற்று தள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் விட்ட மனிதர் அவர்.

சீனாவுக்குப் போன உத்தியோகம்

1304இல் தஞ்சியர் நகரில் பிறந்தவர் இப்னு பதூதா. 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டார். மக்கா போய்ச் சேர்ந்த பின்னும் கால் நிற்கவில்லை. பல நாடுகள் சுற்றி 1330களில் டில்லிக்கு வந்தார். அப்போது அங்கே சுல்தான் முஹம்மது பின் துக்ளக். வெளிநாட்டு ஆலிம்களுக்கு அள்ளிக் கொடுப்பவர். கோபம் வந்தால் தலையையும் எடுப்பவர். அவர் இப்னு பதூதாவை டில்லியில் காழியாக நியமித்தார்.

சில வருடங்களில் சீனப் பேரரசரிடமிருந்து ஒரு தூதுக்குழு பரிசுகளோடு டில்லி வந்தது. பதில் பரிசுகளைக் கொண்டுபோகும் பொறுப்பை சுல்தான் இப்னு பதூதாவிடம் கொடுத்தார். 1340களின் தொடக்கத்தில் ஊர்வலம் புறப்பட்டது. நூறு குதிரைகள், நூறு அடிமைகள், பட்டும் பருத்தியுமாகத் துணிகள், பொன் வெள்ளிப் பாத்திரங்கள். இன்றைய மொழியில் சொன்னால், கையொப்பம் வைத்துப் பொறுப்பெடுத்த அரச சொத்து.

தடங்கல் ஆரம்பத்திலேயே வந்தது. டில்லியிலிருந்து அதிக தூரம் போகவில்லை, இன்றைய அலிகார் பக்கம் சண்டையில் சிக்கினார். கூட்டத்திலிருந்து பிரிந்து, பிடிபட்டு, உடுத்த உடையோடு தப்பிப் பல நாள் காட்டிலும் வயலிலும் அலைந்து திரும்பி வந்தார். பிறகு பயணம் தொடர்ந்து கள்ளிக்கோட்டையை அடைந்தது. அங்கே துறைமுகத்தில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன. ஆனால் காற்று திரும்பும் வரை கப்பல் எடுக்க முடியாது. மூன்று மாதம் காத்திருப்பு.

கடைசியில் நாள் வந்தது. பரிசுப் பொருட்கள் பெரிய கப்பலில் ஏறின. இப்னு பதூதாவின் சொந்தச் சாமான்களும் ஆட்களும் சிறிய கப்பல் ஒன்றில் ஏறினர். அவர் மட்டும் ஜும்ஆ தொழுகைக்காகக் கரையில் தங்கினார். அதற்குள் கடல் கொந்தளித்தது. இரவில் பெரிய கப்பல் கரையில் மோதி உடைந்தது. கூட வந்த தூதுவர்கள் இறந்துபோனார்கள். அதைக் கண்ட சிறிய கப்பலின் மாலுமிகள் பாய் விரித்துப் போயே விட்டார்கள். கரையில் நின்றவரிடம் மிஞ்சியது பத்து தீனாரும் ஒரு விரிப்பும்.

டில்லிக்குத் திரும்பலாமா? பரிசை விட்டுப் பிரிந்து நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்று சுல்தான் கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தப் பயத்தில் மேற்குக் கரையோரமாகவே சில காலம் அலைந்தார். பிறகு மாலைதீவுக்குப் போனார். அங்கேயும் காழி வேலை கிடைத்தது, திருமணங்களும் நடந்தன, அரசியல் பகையும் வந்தது. 1344 ஆகஸ்டில் அங்கிருந்து கப்பல் ஏறினார். போக நினைத்த இடம் மஅபர், அதாவது மதுரை சுல்தான்களின் சோழமண்டலக் கரை. அங்கே ஆண்ட சுல்தான் கியாதுத்தீனும் இவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். நம் பேச்சில் சகலன்.

மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம். மாலுமிக்கு வழி சரியாகத் தெரியவில்லை, காற்றும் திரும்பியது. ஒன்பதாவது நாள் தெரிந்தது மஅபர் கரையல்ல. புகைத்தூண் போல வானத்தில் எழுந்து நின்ற மலை ஒன்று தெரிந்தது. ஸரந்தீப் மலை. நாம் பாவாதமலை என்றும் சிவனொளிபாதமலை என்றும் ஸ்ரீபாத என்றும் சொல்லும் அதே மலை.

புத்தளத்தில் பாரசீகம் பேசிய தமிழ் அரசர்

அண்மித்த துறை புத்தளம். அவர் அதை பத்தாலா என்கிறார். மரத்தால் மதிலும் மரக் கோபுரங்களும் கட்டிய அழகிய சின்ன ஊர். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையோரம் குவிந்து கிடந்தன என்கிறார்.

ஆனால் கப்பல்காரர்கள் உள்ளே போகப் பயந்தார்கள். அது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை. யாழ்ப்பாணத்தை ஆண்ட அந்தத் தமிழ் அரச வம்சத்தவரின் கப்பல்கள் அப்போது கடலில் பலமாக இருந்தன. வியாபாரக் கப்பல்களைப் பிடிப்பார்கள் என்ற பேச்சும் இருந்தது. கடலில் நின்றால் புயல், கரைக்குப் போனால் கொள்ளை என்ற நிலை. இப்னு பதூதா தன்னை மட்டும் இறக்கிவிடச் சொன்னார். கரையில் வந்து கேட்டவர்களிடம், தான் மஅபர் சுல்தானின் சகலன், அவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னார். அரசரிடம் அழைத்துப் போனார்கள்.

அரசர் எழுந்து வரவேற்றார், பக்கத்தில் உட்கார வைத்தார். அவருக்குப் பாரசீகம் விளங்கியது. இருவரும் அதில் பேசிக்கொண்டார்கள். வேற்று நாட்டு அரசர்கள், ஊர்கள் பற்றி இப்னு பதூதா சொல்லச் சொல்ல ஆசையோடு கேட்டார். மூன்று நாள் விருந்தினராக வைத்திருந்தார். முத்துக்களைக் கொடுத்தார். வேறென்ன வேண்டும், வெட்கப்படாமல் கேளும் என்றபோது, ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதம் பதிந்த இடத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் இவர்.

கப்பல் தலைவனின் நடத்தையையும் பாருங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை ஒரு வருடமானாலும் நான் நகரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அரசரோ, அதுவரை அவர் என் விருந்தாளி என்றார். தாமதம் என்றால் நட்டம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். காத்திருப்பவனுக்குச் சோறு போடும் வீடு ஒன்று இருந்தால் தாமதத்துக்கும் அர்த்தம் வந்துவிடுகிறது.

அரசர் அமைத்துக் கொடுத்த பயணக் குழுவை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு பல்லக்கும் அதைச் சுமப்பவர்களும். ஆண்டுதோறும் மலைக்குப் போகும் நான்கு யோகிகள். மூன்று பிராமணர்கள். அரசரின் பரிவாரத்தவர் பத்துப் பேர். உணவு சுமக்கப் பதினைந்து பேர். தமிழ்ச் சைவ அரசர் ஒருவர் ஒரு முஸ்லிம் காழியை, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு விட்டு, சிங்கள அரசரின் நாட்டுக்குள் இருந்த மலைக்கு அனுப்பி வைத்தார். இது 1344ஆம் ஆண்டில்.

விருந்து

முதல் நாள் மூங்கில் தெப்பத்தில் ஓர் ஆற்றைக் கடந்தார்கள். பிறகு மணார் மண்டலி என்ற ஊருக்கு வந்தார்கள். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில், இன்றைய முந்தல் பக்கம் அது இருந்திருக்கும் என்று கருதுகிறார்கள். ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சி எல்லையில் கடைசி ஊர்.

அந்த ஊரவர்கள் இவர்களுக்கு நல்ல விருந்து வைத்தார்கள். என்ன கறி, எப்படிச் சமைத்தார்கள் என்று சொல்லவில்லை. பட்டியல் மட்டும் சொல்லியிருக்கிறார். எருமைக் கன்றுகள், அவற்றைப் பக்கத்துக் காட்டில் பிடித்து உயிரோடு கொண்டுவருவார்களாம். சோறு, நெய், மீன், கோழி, பால். அந்தக் கரையோரத்தில் இன்று விருந்தென்றாலும் இதில் பாதி இலையில் இருக்கும்.

உயிரோடு கொண்டுவந்தார்கள் என்ற சொல்லில் நாங்கள் கொஞ்சம் நின்றோம். விருந்தாளிகள் தங்கள் முறைப்படி அறுத்துக்கொள்ள அது வசதியாக இருந்திருக்கும். இது எங்கள் ஊகம் மட்டுமே. ஆனால் அந்த ஊரில் முஸ்லிம்களே இருக்கவில்லை என்பதை அவரே சொல்கிறார். ஒரேயொரு ஆள், குராஸான் தேசத்தவர், வந்த இடத்தில் நோயில் விழுந்து அங்கே தங்கிப்போனவர். இந்தக் குழுவோடு சேர்ந்து அவரும் மலைக்குப் புறப்பட்டார். பாஷை தெரியாத ஒரு நோயாளி, தன் மதத்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் கிடந்து, மீண்டும் எழுந்து நடக்கிறார் என்றால், யாரோ அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த விருந்தின் பெறுமதி விளங்க, இப்னு பதூதா எங்கிருந்து வந்தார் என்பதை நினைக்க வேண்டும். மலபார்க் கரையைப் பற்றி எழுதும்போது அவர் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அங்கே இந்துக்கள் முஸ்லிம்களைத் தங்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள். தங்கள் பாத்திரத்தில் முஸ்லிம் சாப்பிட்டால் அதை உடைத்துவிடுவார்கள், இல்லையென்றால் அவருக்கே கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம் குடி இல்லாத இடத்தில் பசியோடு வருபவருக்குச் சமைத்து வாழையிலையில் ஊற்றுவார்கள். பசிக்குச் சோறு உண்டு, பாத்திரத்தில் பங்கு இல்லை. அந்தக் கரையில் நீண்ட காலம் இருந்துவிட்டு வந்தவர்தான் இங்கே சாப்பிட உட்கார்ந்தார்.

இலங்கையைப் பற்றி அவர் சொல்வது வேறு. இங்குள்ளவர்கள் முஸ்லிம்களை மதிக்கிறார்கள், வீட்டுக்குள் அழைக்கிறார்கள், கூடச் சாப்பிடுகிறார்கள், மனைவி மக்கள் இருக்கும் வீட்டில் நம்பி விடுகிறார்கள் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. முன்பு இப்படி இருக்கவில்லை என்றும் சொல்கிறார். ஒரு காலத்தில் முஸ்லிம்கள் மலைக்குப் போவதைத் தடுத்தார்களாம், துன்புறுத்தினார்களாம், அவர்களோடு சாப்பிடவும் மாட்டார்கள், கொடுக்கல் வாங்கலும் வைக்கமாட்டார்கள். ஒரு மனிதருக்குப் பிறகு எல்லாம் மாறியதாம்.

சாப்பிடாமல் இருந்தவர்

அந்த மனிதர் ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப். ஹிஜ்ரி 371இல், அதாவது கி.பி. 982 அளவில் வஃபாத்தான பெரிய ஸூஃபி. அவர் முப்பது பக்கீர்களோடு இந்த மலைக்கு வந்தார் என்பது கதை. காட்டில் வழி தவறிவிட்டது, பசி தாங்க முடியவில்லை. அந்தக் காட்டில் யானைகள் அதிகம். ஒரு யானைக்குட்டியைப் பிடித்துச் சாப்பிடலாம் என்றார்கள் கூட வந்தவர்கள். ஷெய்கு வேண்டாமென்று தடுத்தார். அவர்கள் கேட்கவில்லை, பிடித்தார்கள், அறுத்தார்கள், சாப்பிட்டார்கள். அவர் தொடவில்லை.

அன்றிரவு யானைகள் கூட்டமாக வந்தன. ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கையும் மோந்தன, ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, மனிதர் குடியிருக்கும் இடம் வரை கொண்டுபோய் இறக்கியது. அந்தக் காட்சியைக் கண்ட ஊரவர்கள் வியந்து அவரைத் தங்கள் அரசரிடம் அழைத்துப் போனார்கள். அதன் பிறகுதான் முஸ்லிம்களுக்கு வழியும் வீடும் திறந்தன.

இப்னு கஃபீஃப் உண்மையில் இலங்கைக்கு வந்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் உறுதிப்படுத்தவில்லை. யானை மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னதையும் நாம் வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மறைந்து ஏறக்குறைய 360 வருடங்களுக்குப் பிறகும் இந்தக் கதையைச் சொல்லித்தான் இந்த மண்ணில் முஸ்லிம்களின் மதிப்புக்குக் காரணம் காட்டினார்கள். அது வரலாறு. ஒரு சமூகம் தன் அயலவனை ஏன் நம்பியது என்று கேட்டால், அந்தச் சமூகம் என்ன கதை சொன்னது என்று பார்க்க வேண்டும்.

அவர்கள் சொன்ன கதையில் வாள் இல்லை, விவாத மேடை இல்லை, பணம் கூட இல்லை. பசி உயிரைப் பிடுங்கும்போதும், இந்தக் காடு எனக்குச் சொந்தமில்லை, இந்தக் குட்டிக்கு ஒரு தாய் உண்டு என்று கையை மடக்கிக்கொண்ட ஒரு மனிதர் இருக்கிறார். அன்று அவர் சாப்பிடாமல் விட்ட சாப்பாடுதான், பல தலைமுறைக்குப் பிறகு மணார் மண்டலியில் இப்னு பதூதாவின் முன்னால் எருமைக்கறியும் நெய்ச்சோறுமாக வந்து நின்றது என்று சொல்லலாம்.

நம்பிக்கைக்கும் எல்லை உண்டு

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சிலாபம் தாண்டி, ஆறுகளும் யானைகளும் நிறைந்த காட்டு வழியே போய், குனகார் என்ற நகரத்தை அடைந்ததாக எழுதுகிறார். அது குருநாகல் என்பது பலரின் கருத்து. அங்கே பெரிய அரசரின் இருப்பிடம். அந்த நகரத்துக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அரசரும் மக்களும் அவரை மதித்து வந்து பார்ப்பார்களாம். மலைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர்தான்.

அவர் ஒருமுறை பசுவை அறுத்துவிட்டார். அந்த நாட்டுச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை; பசுவை அறுத்தது போலவே அறுப்பார்கள் அல்லது அதன் தோலில் சுற்றி எரிப்பார்கள். ஷெய்குவின் மேலிருந்த மரியாதையால் உயிரை விட்டுவைத்து, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வரி வருமானத்தை அவருடைய சீவனத்துக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவரால் நடக்க முடியாமல் போனதும் பிள்ளைகளும் ஊழியர்களும் வழிகாட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

வாசிக்கும்போது நெஞ்சு பதறும் செய்திதான். கொடூரமான தண்டனை என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் இரண்டு பக்கமும் அதற்குப் பிறகு என்ன செய்தன என்று பாருங்கள். அரசு அவருடைய சோற்றுக்கு வழி செய்தது. அவருடைய குடும்பம் பகையை வளர்த்துக்கொண்டு போகாமல் அதே மலைக்கு அதே வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. உறவு உடையும் இடம் வரை போய், உடையாமல் திரும்பியிருக்கிறது. சேர்ந்து வாழ்வது எந்தக் காலத்திலும் இலேசாக இருந்ததில்லை. பக்கத்தவன் எதைப் புனிதம் என்று வைத்திருக்கிறான் என்பதை அறிந்து நடப்பதும் அதில் ஒரு பகுதி.

மலையேற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வழியில் அட்டைக்கடி, அதற்கு எலுமிச்சம்பழம் பிழியும் வைத்தியம். செங்குத்தான பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள். பத்தாவதற்குப் பெயர் ஷஹாதா சங்கிலி, ஏனென்றால் அங்கிருந்து கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவானாம். உச்சியில் பாதச்சுவடு. கிளிர் அலைஹிஸ்ஸலாம் பெயரால் சொல்லப்படும் குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பது அன்றைய வழக்கம். இவர்களும் அப்படியே செய்தார்கள்.

தெவுந்தரையிலிருந்து கொழும்பு வரை

மலையிலிருந்து வேறு வழியாக இறங்கித் தெற்கே தீனவர் என்ற பெரிய ஊருக்கு வந்தார்கள். இன்றைய தெவுந்தரை, பழைய தமிழில் தெனவரை. கடலோரத்தில் பெருங்கோயில் ஒன்று. அந்த ஊரின் வருமானம் முழுவதும் கோயிலுக்கு உரியது. அங்கே இருப்பவர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் அதிலிருந்துதான் சாப்பாடு என்று இப்னு பதூதா எழுதியிருக்கிறார். சிலை வணக்கத்தை ஏற்காத காழி ஒருவர், அந்தக் கோயிலின் சோற்றுக் கணக்கை மறைக்காமல் பதிந்து வைத்தார்.

65 வருடம் கழித்து, 1409 என்று திகதியிட்ட கல் ஒன்றைச் சீனத் தளபதி செங் ஹோ காலிக்குக் கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றிக் காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1588இல் போர்த்துக்கேயர் தெவுந்தரைக் கோயிலை இடித்துவிட்டார்கள். கல் மட்டும் சாட்சியாக மிஞ்சியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

தெவுந்தரையிலிருந்து காலி. அங்கே இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர் தன் வீட்டில் விருந்து கொடுத்தார். அடுத்து நம்முடைய ஊர். அவர் எழுத்தில் கலன்பு. ஸரந்தீபின் மிக அழகிய, மிகப் பெரிய ஊர்களில் ஒன்று என்கிறார். கடலுக்கு அதிபதியாக ஜாலஸ்தி என்ற ஓர் அமைச்சர் இருந்ததாகவும், அவரிடம் ஏறக்குறைய ஐந்நூறு ஹபஷிகள் இருந்ததாகவும் எழுதுகிறார். கொழும்புக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வரியிலேயே ஆபிரிக்காவும் அரபுக் கடலும் நம் துறைமுகத்தில் வந்து நிற்கின்றன. கொழும்பு எந்தக் காலத்திலும் ஒரே இனத்தின் ஊராக இருந்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கொழும்பிலிருந்து மூன்று நாளில் புத்தளம். கப்பல் தலைவர் சொன்னபடியே காத்துக்கொண்டிருந்தார். ஆனால் மஅபர் கரைக்கு அண்மையில் மீண்டும் புயல், கப்பல் சேதம். பிறகு இன்னொரு பயணத்தில் மலபார்க் கடலில் கொள்ளையர் பிடித்து, இலங்கை அரசர் கொடுத்த முத்துக்களும் மணிகளும் உட்படக் கையிலிருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். டில்லி சுல்தானின் பரிசும் சீனாவுக்குப் போய்ச் சேரவேயில்லை. உத்தியோகக் கணக்கில் பார்த்தால் முழுத் தோல்வி.

1355இல் மொரோக்கோவின் ஃபாஸ் நகரில், அரசரின் கட்டளைப்படி, அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் நூலாக எழுதி முடித்தார். மணார் மண்டலியில் சாப்பிட்டுப் பதினொரு வருடம். முத்து போய்விட்டது, மாணிக்கம் போய்விட்டது. சோறு, நெய், மீன், கோழி, பால் என்ற பட்டியல் போகவில்லை. அவர் சொல்லிவைத்த அந்தப் பகுதி 1882இல் அல்பர்ட் கிரேயின் ஆங்கில மொழிபெயர்ப்பாகக் கொழும்பில் ஆசிய கழகத்தின் இலங்கைக் கிளை வழியாக மீண்டும் நம் நாட்டு வாசகர்களிடம் வந்து சேர்ந்தது.

நம் தெருவுக்கு வருவோம்

அந்த மொழிபெயர்ப்பு வந்த மறு வருடம், 1883 மார்ச் 25. உயிர்த்த ஞாயிறு. இதே கொட்டாஞ்சேனையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கலவரம் வெடித்தது. அதன் பிறகு ஏற்பட்ட முயற்சிகளால் 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது; பௌத்தக் கொடியும் அந்த விகாரையில் ஏற்றப்பட்டது.

136 வருடம் கழித்து இன்னோர் உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம். நம் வாசலில். நாடு முழுவதும் அன்று 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நம் பெண்கள் எப்படிப் பஸ்ஸில் போனார்கள், நம் கடைகளுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளையை அந்த ஆலயத்தில் பறிகொடுத்த வீடு எப்படி இருந்தது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் நினைக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைப்பவன் பாதி மனிதன்.

அதற்கு முந்திய வருடம், 2018 பெப்ரவரியில், அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற வதந்தி கிளம்பியது. கடையைத் தாக்கினார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் வந்த முடிவு, அது வெறும் மாக்கட்டி என்பது. அறிக்கை வந்தது, ஆனால் வதந்தி ஓடிய தூரம் அறிக்கை ஓடவில்லை.

வதந்தி ஏன் சாப்பாட்டில் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சமூகத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க வேண்டுமானால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் சோற்றுத்தட்டு என்பது பிரிப்பவர்களுக்குத் தெரியும். ஒருவன் சமைத்ததை மற்றவன் பயமில்லாமல் வாயில் வைப்பதுதான் நம்பிக்கையின் கடைசி எல்லை. அது போனால் வியாபாரம் போகும், அயல்வீடு போகும், பிறகு எல்லாம் போகும். இப்னு பதூதா சொன்ன வரிசையும் அதுதான்: பழைய பகைக் காலத்தில் கூடச் சாப்பிடவும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை.

ஆகவே நாம் பாதுகாக்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அது இன்னும் சாகவில்லை. ரமழானில் பள்ளிவாசல் கஞ்சி தூக்குச்சட்டியில் ஏறி ஜம்பட்டா வீதிப் பக்கத்து வேற்று மத வீடுகளுக்கும் போகிறது. வெசாக்கில் தன்சல் வரிசையில் தொப்பி போட்ட பிள்ளைகளும் நிற்கிறார்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் போன கிண்ணம் நத்தாருக்குக் கேக்கோடு திரும்புகிறது, பொங்கலுக்குப் பொங்கலோடு. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் வழக்கம் உள்ள நமக்கு, பகிர்ந்து உண்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சஹனுக்கு வெளியேயும் இடம் வைக்கிறோமா என்பதுதான் கேள்வி.

சோறு கொடுப்பது மட்டும் போதாது என்பதையும் அந்தக் கதை சொல்கிறது. ஷெய்கு இப்னு கஃபீஃப் யாருக்கும் விருந்து வைக்கவில்லை. அடுத்தவன் மண்ணில் எதைத் தொடக்கூடாது என்று அறிந்திருந்தார், அவ்வளவுதான். வாகனத்தை அயலவன் வாசலில் அடைத்து நிறுத்தாமல் இருப்பது, ஒலிபெருக்கியின் அளவைக் குறைப்பது, குர்பான் கழிவை ஒழுங்காக அப்புறப்படுத்துவது, ஒரு வதந்தி கைத்தொலைபேசிக்கு வரும்போது அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் விரலை மடக்குவது, இவையும் அந்த வழிதான். நம் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு வீட்டில் கதவு திறக்குமா இல்லையா என்பதை இன்று நாம் தொடாமல் விடும் விஷயங்களும் தீர்மானிக்கும்.

தைமாதக் காலையில், மழை விட்டு வானம் தெளிந்தால், நம் பக்கத்து உயர்ந்த மாடிகளிலிருந்து கிழக்கே அந்த மலையின் கூம்பு தெரியும். அடுத்த முறை பார்க்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவன் அதற்குச் சொல்லும் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கொட்டாஞ்சேனையின் சாப்பாட்டுக் கதைகள் இருக்கும். கேட்டு எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். நம் அயலவர் எல்லோருக்கும் அல்லாஹ் நிம்மதியையும் பரக்கத்தையும் தருவானாக.